45 ஆட்டங்களும் ஒற்றைக் கண்ணும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன மாதம் செயலாளர் போன் பண்ணினார். "அண்ணே, நீங்க கனடாவுல ரொம்ப வருஷம் இருந்தவர். பசங்களுக்கு ஒரு விளையாட்டு வீரரைப் பத்திச் சொல்லுங்க. கிரிக்கெட் மட்டும் வேண்டாம், போன வருஷம் வந்தவர் கிரிக்கெட்டே பேசி சாப்பாட்டை ஆற வெச்சுட்டார்" என்றார். அப்ப ஐஸ் ஹாக்கி பேசறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரிண்ணே, உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

அவர் தயங்கியதில் தப்பில்லை. நம் கல்லூரியில் ஹாக்கி என்றால் செம்மண் தரையில் முழங்கால் தோல் உரிய ஆடுவதுதான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்கள் வந்து சேருகிற வருஷம் நம்ம டீம் ஜெயிக்கும், சேராத வருஷம் தோற்கும். நானும் இரண்டு வருஷம் அந்த டீமில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மேல் எனக்குத் தனியாக ஒரு பாசம் உண்டு. இன்றைக்கு நான் சொல்லப் போகிறவரும் பெரிய லீகில் மொத்தமே 45 ஆட்டம்தான் ஆடினார். பெயர் வில்லி ஓரீ. கனடாக்காரர்.

அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக முதலில் நாலு வார்த்தை. 200 அடி நீளம், 85 அடி அகலத்தில் ஒரு பனித்தரை. சுற்றிலும் இடுப்பு உயரத்துக்கு மேல் பலகைச் சுவர். காலில் கத்தி வைத்த காலணி. ஒரு பக்கத்துக்கு கோலியையும் சேர்த்து 6 பேர். பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குல கனமும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு, அதற்குப் பக் என்று பெயர். துள்ளாமல் இருப்பதற்காக அதை முன்கூட்டியே உறைய வைத்துத்தான் எடுத்து வருவார்கள். ஓங்கி அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்கூட வரும். 20 நிமிஷம் வீதம் மூன்று பகுதி ஆட்டம். ஆனால் யாரும் 20 நிமிஷம் தொடர்ந்து ஆட முடியாது. முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷத்தில் மூச்சு வாங்க ஒருவர் வெளியே வருவார், அடுத்தவர் பலகையைத் தாண்டிக் குதிப்பார். எதிராளியை உடம்பால் இடித்துப் பலகையில் சாத்துவது சட்டப்படியே உண்டு. 1950-களில் ஆட்டக்காரர்கள் ஹெல்மெட் போடுகிற வழக்கமே கிடையாது. கோலிகள்கூட வெறும் முகத்தோடுதான் நிற்பார்கள். மாண்ட்ரியால் கோலி ஜாக் பிளாண்ட் முகத்தில் பக் பட்டுத் தையல் போட்ட பிறகு, 1959 நவம்பரில் பிடிவாதமாக முகமூடியோடு வந்து நின்றார். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கும் புத்தி வந்தது.

அந்தக் காலத்தில் தேசிய ஹாக்கி லீகில், அதாவது என்.எச்.எல்.-இல், மொத்தமே ஆறு அணிகள்: மாண்ட்ரியால், டொராண்டோ, பாஸ்டன், நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ. அணிக்குச் சுமார் 20 பேர் என்று வைத்தால் 120 இடம். கனடாவில் தெருவுக்குத் தெரு பனியில் ஆடுகிற பையன்கள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் 120 இடம்தான். மீதிப்பேருக்குக் கீழே பல சின்ன லீகுகள். அங்கேயும் சம்பளம் உண்டு, ஆனால் கோடையில் வேறு வேலை பார்த்தால்தான் குடும்பம் ஓடும்.

வில்லி ஓரீ 1935 அக்டோபர் 15-இல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து ஃப்ரெடெரிக்டன் ஊரில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. கறுப்பினக் குடும்பம். முன்னோர் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி வடக்கே வந்தவர்கள். ஊரில் கறுப்பினக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குளிர்காலம் வந்தால் அப்பா கொல்லைப்புறத்தில் தண்ணீர் விட்டு உறைய வைத்து ஒரு குட்டி மைதானம் பண்ணிக் கொடுப்பார். மூன்று வயதில் பனியில் இறங்கிய பையன் அது. பேஸ்பாலும் நன்றாக ஆடுவார்.

பேஸ்பாலால்தான் அவருக்கு ஒரு பெரிய மனிதரின் தரிசனம் கிடைத்தது. 1949-இல் அவருடைய ஊர்ப் பையன்கள் அணி ஜெயித்ததற்குப் பரிசாக நியூயார்க் கூட்டிப் போனார்கள். அங்கே புரூக்ளின் அணியின் ஜாக்கி ராபின்சனைப் பார்த்தார்கள். ராபின்சன் யார் என்றால், 1947-இல் அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்து உள்ளே வந்தவர். நம்ம வில்லி அவரிடம் போய், "எனக்கு பேஸ்பாலும் பிடிக்கும், ஆனால் ஹாக்கிதான் அதிகம் பிடிக்கும்" என்ற மாதிரி சொல்லியிருக்கிறார். கறுப்பினப் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவார்களா என்று ராபின்சனே ஆச்சரியப்பட்டாராம். ராபின்சனே ஆச்சரியப்பட்டார் என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல!

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1955-56 பருவத்தில் ஓரீ கிச்சனர் ஊர் ஜூனியர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். வயது இருபது. ஒரு ஆட்டத்தில் கோல் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தபோது, அடித்த பக் எதிலோ பட்டுத் திரும்பி நேராக அவர் வலது கண்ணில் வந்து விழுந்தது. மருத்துவமனையில் டாக்டர் சொன்னது: அந்தக் கண்ணில் பார்வை ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது, இனி ஹாக்கி ஆட முடியாது.

சில வாரங்களில் ஓரீ மறுபடி பனியில் நின்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சகோதரிக்கும் ஒரு நெருங்கிய நண்பருக்கும் மட்டும் தெரியும். பெற்றோருக்குக்கூட தெரியாது. பயிற்சியாளருக்குத் தெரியாது, அணி முதலாளிக்குத் தெரியாது. ஏன் இந்த ரகசியம்? என்.எச்.எல்.-இல் எழுதி வைத்த விதியே உண்டு: ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர் ஆடக்கூடாது. தெரிந்தால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். கண் பரிசோதனை என்று ஒன்றை அவருக்கு யாரும் வைக்கவில்லை, அவரும் போய்க் கேட்கவில்லை.

ஒரு கண் இல்லாமல் ஆடுவது என்றால் என்ன என்பதை நான் சொல்வதைவிட நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் வலது கையால் வலது கண்ணை மூடுங்கள். முதல்வர் ஐயாவும் மூடலாம். இப்போது தலையைத் திருப்பாமல் வலது பக்கத்து நாற்காலியில் யார் என்று சொல்லுங்கள். தெரியாது. மூக்குத்தான் தெரியும். இன்னொன்று, வீட்டுக்குப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்றே பிடிபடாது. தூரத்தை அளப்பதற்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஓரீக்கு அந்த அளவுகோல் போய்விட்டது. எதிரே வருவதோ நூலும் ஊசியும் அல்ல, இடிக்க வரும் ஆளும் பாய்ந்து வரும் பக்கும்.

இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஹாக்கி தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஓரீ இடது விங்கர். இடது ஓரமாக ஓடுகிறவருக்கு ஆட்டமெல்லாம் வலது பக்கத்திலிருந்துதான் வரும். நடுவிலிருந்து பாஸ் வந்தால் வலது பக்கம், இடிக்க வருகிற ஆள் வந்தால் வலது பக்கம். அதாவது, எந்தக் கண் இல்லையோ அந்தப் பக்கம்! ஆகவே ஒவ்வொரு தடவையும் கழுத்தை வலது தோளுக்கு மேல் முழுக்கத் திருப்பி இடது கண்ணால் பார்க்க வேண்டும். பனியில் முழு வேகத்தில் போய்க்கொண்டே இதைச் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் பாஸ்கள் தவறின, அடித்தது கோலுக்கு வெளியே போனது. தெரியாததைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டுத் தெரிவதை வைத்து ஆடப் பழகிக்கொண்டேன் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவருடைய பெரிய பலம் வேகம். கால் வேகத்தால் கண்ணின் கடனை அடைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு பெரிய நிறுவனத்தில் சிக்னல் சம்பந்தப்பட்ட வேலைக்கு எழுதினேன். தேர்வில் தேறிவிட்டேன். மெடிக்கல் மட்டும் பாக்கி. எனக்கோ சிவப்பு, பச்சை சரியாகப் பிரிந்து தெரியாது. மாம்பழம் பழுத்ததா காயா என்று தொட்டுத்தான் பார்ப்பேன். அந்தப் பரிசோதனைக்கு இஷிஹாரா புத்தகம் என்று ஒன்று உண்டு, பக்கம் பக்கமாகப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும். என் ரூம்மேட் எங்கிருந்தோ அதைக் கொண்டு வந்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பக்கவாரியாக மனப்பாடம்: 12, 8, 6, 29, 57... திருக்குறளைக்கூட நான் அப்படி உருப்போட்டதில்லை. மறுநாள் போனேன். டாக்டர் புத்தகத்தை நடுவிலிருந்து திறந்தார். நான் பாட்டுக்கு 12 என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "தம்பி, ராத்திரி மழையில சிக்னல் விழும்போது இந்தப் புத்தக வரிசையில விழாது" என்றார். அவ்வளவுதான். அந்த ரூம்மேட் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான், பெயர் சொல்லமாட்டேன்.

ரொம்ப நாள் அந்த டாக்டர் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. கனடாவில் ஓரீயின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அது வேறு மாதிரி புரட்டிப் போட்டது. நான் மறைத்தது ஊராருக்கு ஆபத்து. அவர் மறைத்தது பெரும்பாலும் அவருக்கே ஆபத்து. பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பனியில் கூட ஆடுகிற ஐந்து பேரும் அவரை நம்பித்தான் நிற்கிறார்கள். அந்த விதி முட்டாள்தனமான விதியும் அல்ல. இருக்கிற ஒற்றைக் கண்ணிலும் ஒரு பக் பட்டிருந்தால்? அந்த வெறும் முகத்தோடு எத்தனை வருஷம்! என் மகன் இப்படி ஒன்றை மறைத்துவிட்டு ஆடப் போகிறேன் என்றால் நான் விடமாட்டேன். ஆனால் ஓரீயை நினைத்தால் "ஏன் மறைத்தாய்?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். மாணவர்கள் இதைக் காட்டி நாளைக்கு மெடிக்கல் போர்டில் ஏதாவது பண்ணினால் நான் பொறுப்பல்ல.

கண் போன அதே 1956-இல் அவருக்கு பேஸ்பாலிலும் ஒரு வாசல் திறந்தது. மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் தேர்வு முகாம், அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்து வேக்ராஸ் ஊரில். அட்லாண்டாவில் விமானத்தை விட்டு இறங்கினால் கழிப்பறை வாசலிலேயே பலகை: வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. ஃப்ரெடெரிக்டனில் வளர்ந்த பையனுக்கு அது புதுசு. தனி டம்ளரும் தனித் தெருவும் பார்த்த நமக்கு அவ்வளவு புதுசில்லை, விடுங்கள். முகாமில் அவரை எடுக்கவில்லை. ஊர் திரும்ப பஸ்ஸில் ஐந்து நாள். கிளம்பும்போது கடைசி வரிசையில்தான் உட்கார முடிந்தது. பஸ் வடக்கே வர வர ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்தார், எல்லையை நெருங்கும்போது முன் வரிசைக்கே வந்துவிட்டார். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கென்னவோ அவருடைய வாழ்க்கையில் எந்தக் கோலைவிடவும் அந்த பஸ்தான் கண்ணில் நிற்கிறது. அதோடு பேஸ்பாலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஹாக்கிதான் என்று முடிவு செய்தார்.

அந்த வருஷமே கியூபெக் ஏசஸ் அணி அவரை எடுத்தது. முழுநேரத் தொழிலாக ஹாக்கி அங்கே தொடங்கியது. அதே கியூபெக் அணியில் அவருக்குச் சில வருஷம் முன்னால் ஹெர்ப் கார்னகி என்று ஒரு கறுப்பின வீரர் ஆடினார். 1919-இல் பிறந்தவர், பிரமாதமான ஆட்டக்காரர் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கடைசி வரை என்.எச்.எல்.-இல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தது அவருக்கு. ஓரீயை முதல்வர் என்று பாராட்டும்போது கார்னகியை மறந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். முதல்வர் என்றால் நம்ம முதல்வர் இல்லை ஐயா, முதலில் வந்தவர் என்ற அர்த்தத்தில் சொன்னேன்!

1958 ஜனவரி 18, சனிக்கிழமை. பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு ஆள் குறைந்தது, கியூபெக்கிலிருந்து ஓரீயைக் கூப்பிட்டார்கள். மாண்ட்ரியால் ஃபோரம் அரங்கில், அந்தக் காலத்தில் அசைக்க முடியாத மாண்ட்ரியால் அணிக்கு எதிராக ஆட்டம். பாஸ்டன் 3-0 என்று ஜெயித்தது. என்.எச்.எல். தொடங்கியது 1917-இல். நாற்பது வருஷம் கழித்து முதல் தடவையாக ஒரு கறுப்பின வீரர் அதன் பனியில் இறங்கினார். மேளதாளம் ஒன்றும் இல்லை. வரலாற்றில் நுழைந்துவிட்டோம் என்பது மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் ஓரீக்கே உறைத்தது. இரண்டே ஆட்டம். பிறகு கியூபெக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுபடி கூப்பிட்டது 1960-61 பருவத்தில். அந்தத் தடவை 43 ஆட்டம், 4 கோல். அவருடைய முதல் கோல் 1961 புத்தாண்டு அன்று, பாஸ்டன் கார்டனில், மறுபடியும் அதே மாண்ட்ரியாலுக்கு எதிராக. பாஸ்டன் 3-2 என்று ஜெயித்த ஆட்டம் அது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பாஸ்டன் ரசிகர்களும் கூட ஆடியவர்களும் தன்னைத் தங்களில் ஒருவனாகத்தான் நடத்தினார்கள் என்று அவர் எப்போதும் சொல்வார். வெளியூரில் அப்படி இல்லை. கனடாவில் கொஞ்சம் பரவாயில்லை, சிகாகோ, டெட்ராய்ட் மாதிரி ஊர்களில் காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகள், பனியில் வந்து விழும் பொருள்கள். சிகாகோவில் எதிரணி ஆள் ஒருவர் மட்டையின் பின்முனையால் முகத்தில் குத்தியதில் முன்பல் இரண்டு போனது, மூக்கு உடைந்தது, கூடவே நிறத்தைச் சொல்லி வசவு. ஓரீ தன் மட்டையால் அவர் தலையில் ஒன்று போட்டார். இரண்டு அணியும் பனியில் இறங்கிப் பெரிய கைகலப்பு. பொறுமையின் சிகரம் என்று இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சம்பவத்தைச் சுருக்கிவிடுவார்கள். நான் சுருக்க விரும்பவில்லை. முகத்தில் இருப்பது ஒற்றைக் கண், அந்த முகத்தில் மட்டையால் குத்தினால் மனுஷன் என்ன செய்வான்?

பருவம் முடிந்ததும், ஊருக்குப் போய் ஓய்வெடு, அடுத்த வருஷமும் நீ எங்களோடுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். சில வாரங்களில் மாண்ட்ரியாலுக்கு விற்றுவிட்டோம் என்று செய்தி வந்தது. மாண்ட்ரியால் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் கோப்பையை வைத்திருந்த அணி. அங்கே இவருக்கு எங்கே இடம்? அதோடு என்.எச்.எல். முடிந்தது. 45 ஆட்டம், 4 கோல், 10 அசிஸ்ட். கணக்குப் புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். அடுத்த கறுப்பின வீரர் மைக் மார்சன், வாஷிங்டன் அணிக்காக என்.எச்.எல்.-இல் இறங்கியது 1974-இல். கதவை உடைத்தார், உடைத்தார் என்கிறோம். உடைத்த கதவு திரும்பவும் 13 வருஷம் சாத்திக் கிடந்திருக்கிறது.

பெரும்பாலான கட்டுரைகள் இங்கிருந்து ஒரே தாவாகத் தாவி அவருக்குக் கிடைத்த விருதுகளுக்குப் போய்விடும். எனக்கு அதுதான் குறை. ஏனென்றால் ஓரீயின் தொழில்வாழ்க்கையில் பெரும்பகுதி இனிமேல்தான் வருகிறது.

1961-இல் அவர் மேற்குக் கடற்கரைக்குப் போனார். லாஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸ், மேற்கத்திய ஹாக்கி லீக். பனியே பெய்யாத ஊரில் பனி ஹாக்கி! 1962-இல் அங்கே ஒரு விருந்தில் ஜாக்கி ராபின்சனை மறுபடி சந்தித்தார். பதின்மூன்று வருஷம் முன்னால் பார்த்த ஃப்ரெடெரிக்டன் பையனை ராபின்சன் ஞாபகம் வைத்திருந்தாராம்.

அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. அணியில் இடது விங்கர்கள் அதிகமாகிவிட்டார்கள். நீ வலது பக்கம் ஆடுகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார். அவருக்குக் கண் விஷயம் தெரியாது, ஏதோ ஆள் கணக்குக்காகக் கேட்டார். வலது ஓரத்தில் ஓடினால் ஆட்டம் இடது பக்கத்திலிருந்து வரும். நல்ல கண் இருக்கிற பக்கம்! இன்னொரு அதிர்ஷ்டம், ஓரீ இடது கைப் பக்கமாக மட்டை பிடிப்பவர். வலது ஓரத்தில் ஓடும்போது அவர் மட்டை நடுவைப் பார்த்தே இருக்கும். கழுத்தைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. 1964-65 பருவத்தில் 38 கோல் அடித்தார். இவ்வளவு வருஷம் கழுத்தொடிய ஆடியவருக்கு, தெரியாத்தனமாக ஒரு பயிற்சியாளர் செய்த உபகாரம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். 1960-இல் பாஸ்டனில் யாராவது இவரை வலது பக்கம் மாற்றிப் பார்த்திருந்தால்? ஆனால் அதைக் கேட்க வேண்டுமானால் அவர் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். காரணத்தைச் சொன்னால் ஆட்டமே கிடையாது. ரகசியம்தான் அவரை உள்ளே விட்டது, அதே ரகசியம்தான் தப்பான பக்கத்தில் நிறுத்தியும் வைத்தது.

1967-இல் என்.எச்.எல். ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது. அதில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸுக்கே வந்தது. ஓரீ இருக்கிற ஊர்! ஆனால் அவருக்கு வயது முப்பத்திரண்டை நெருங்கிவிட்டது, யாரும் கூப்பிடவில்லை. பெரிய அணி வந்ததும் பழைய பிளேட்ஸ் கடையைக் கட்டியது. இவர் தெற்கே சான் டியகோ கல்ஸ் அணிக்குப் போனார். 1968-69-இல் மறுபடி 38 கோல். மேற்கத்திய லீகில் மட்டும் அவர் அடித்தது 300 கோலுக்கு மேல். 1974-இல் அந்த லீகே மூடப்பட்டது. அதற்குப் பிறகும் மனுஷன் விடவில்லை. 1978-79-இல் சான் டியகோவில் வேறொரு சின்ன லீக் வந்தபோது 43 வயதில் காலணியைக் கட்டிக்கொண்டு இறங்கி 50 ஆட்டத்துக்கு மேல் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தார். மற்றவர்கள் அந்த வயதில் என்ன செய்கிறோம் என்பது இந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

யோசித்துப் பாருங்கள். 1956-இல் தொழிலாக ஆட வந்தவர். 45 ஆட்டம் ஆடியவர் என்று அவரை எழுதுகிறோம். மற்ற எல்லா வருஷமும் பஸ் பிரயாணம், சின்ன ஊர், பாதி நிறைந்த அரங்கம், கோடையில் வேறு வேலை. அவருக்கு அதுதான் வாழ்க்கை. நம்மில் பலருக்கும் அப்படித்தான். விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிற ஒரு வரி இருக்கும், சோறு போட்டது வேறு வேலையாக இருக்கும்.

ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சமையல்காரர் வாசலில் நின்று பார்க்கிறார். ஓரீ சான் டியகோவிலேயே தங்கிப் பாதுகாப்பு வேலைகள் பார்த்தார். உலகம் அவரை மறந்தே போயிருந்தது. 1998-இல் என்.எச்.எல். அவரைத் தேடிக் கூப்பிட்டு, ஹாக்கிக்கு வாய்ப்பில்லாத பிள்ளைகளிடம் ஆட்டத்தைக் கொண்டுபோகிற பொறுப்பைக் கொடுத்தது. அறுபது வயதுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களிலும் பனித்தரைகளிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சந்தித்தார். 2018-இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள், ஆட்டக்காரர் வரிசையில் அல்ல, ஆட்டத்தை வளர்த்தவர் வரிசையில். சிலருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. 45 ஆட்டத்துக்கு ஆட்டக்காரர் வரிசையில் இடம் கேட்க அவரே கூச்சப்படுவார். கார்னகியையும் 2022-இல் அதே வரிசையில் சேர்த்தார்கள், அவர் இறந்து பத்து வருஷம் கழித்து.

விதிகளும் மாறின. 1979-இலிருந்து என்.எச்.எல்.-இல் புதிதாக வருகிறவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்று வந்தது. கண்ணுக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பைக் கட்டாயமாக்கியது எப்போது தெரியுமா? 2013-இல்! அதுவும் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும். ஓரீக்குக் கண் போய் 57 வருஷம் கழித்து.

2022 ஜனவரி 18. முதல் ஆட்டம் ஆடி சரியாக 64 வருஷம். பாஸ்டனில் அவருடைய 22-ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்து அரங்கத்தின் கூரைக்கு ஏற்றினார்கள். அந்த மாதக் கடைசியில் அமெரிக்கக் காங்கிரசின் தங்கப் பதக்கத்துக்கான சட்டமும் கையெழுத்தானது. பாஸ்டன் விழாவுக்கு ஓரீயால் நேரில் வர முடியவில்லை, கோவிட் காலம். 86 வயது. சான் டியகோ வீட்டிலிருந்தபடியே திரையில் பார்த்தார். நானும் டி.வி.யில் பார்த்தேன். அந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியபோது கேமரா திரும்பத் திரும்ப அவர் முகத்தைக் காட்டியது. நான் அவருடைய வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கண் என்று தெரியாதவர்கள் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இலை போட்டுவிட்டார்களாம், செயலாளர் கையைக் காட்டுகிறார். கிரிக்கெட்காரரை விடக் குறைவாகத்தான் பேசியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.